முகம் காட்டச் சொன்ன கல்லூரி

1

கிளியூரில் இருக்கும் என் சித்தி மகள் பிரின்சி போன வாரம் வாட்ஸாப்பில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க அக்கா, அமெரிக்காவுல ஊட்டுல உக்காந்துக்கிட்டே காலேஜ் படிக்கலாமாமே? அதுக்குக் கவருமெண்ட்டே பணமும் குடுக்குதாமே? நீங்க அப்படித்தான் படிக்கறீங்கன்னு செல்வி சொன்னா. எம் பொண்ணுக்கும் எப்படின்னு சொல்லுங்களேன்."

இந்தியாவில் இருந்துகொண்டு அந்த உதவித்தொகை வாங்க முடியாது, இங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும் என்று சொன்னேன். "அதுஞ் சரி. நீங்க குடுத்துவெச்சவங்க" என்றாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் செம்மநத்தத்தில் பிறந்தவள். ஏற்காடு டவுனில் கன்னியர் நடத்திய பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்து, கல்யாணமாகி ஒஹாயோ மாநிலத்துக்கு வந்து சேர்ந்தேன். மகள் ஷெரின் நடக்கப் பழகும் முன்பே என் கணவர் வேறொரு மாநிலத்துக்கும் வேறொரு குடும்பத்துக்கும் போய்விட்டார். அன்றிலிருந்து முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், துணி மாற்ற வேண்டும். தூக்கித் தூக்கி வலது தோள் கெட்டுப்போனது. இதே வேலையைத் தொடர்ந்தால் கை மேலே எழும்பாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். ஆளைத் தூக்காத வேலைக்கு ஒரு படிப்பு வேண்டும். மருத்துவமனைகளில் நோயாளிகளின் ஆவணங்களைக் கையாளும் படிப்பு ஒன்று முழுக்க ஆன்லைனில் இருந்தது. கட்டணத்தைப் பார்த்ததும் கணினியை மூடிவிட்டேன். கூட வேலை செய்யும் மேரிலூதான், அரசாங்க உதவித்தொகைக்கு எழுதிப் போடு என்று மறுபடி திறக்க வைத்தாள்.

விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே சிக்கிக்கொண்டேன். குடும்பப் பெயர் என்ற கட்டம். ஊரில் நான் ச. ஜெசிந்தா. பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியல் விரிந்து அப்பாவின் பெயரே என் குடும்பப் பெயராகிவிட்டது. ஆனால் இங்கே ஒரு அலுவலகத்தில் இரண்டு பெயரும் இடம் மாறி ஏறியிருந்தன. 'நீங்கள் சொல்லும் ஆளும் எங்களிடம் உள்ள ஆளும் ஒத்துப்போகவில்லை' என்று பதில் வந்தது. அதைச் சரிசெய்யவே குளிர்காலம் போய்விட்டது. அப்பாவை எஸ்டேட்டில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணக்கு எழுதும் ரைட்டருக்கும் அவர் 'சவரி'தான். இங்கே போன் எடுக்கிற ஒவ்வொருவரும் என்னை 'மிஸ் சவரிமுத்து' என்கிறார்கள். அப்பா உயிரோடு இருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார்.

கடைசியில் உதவித்தொகை கிடைத்தது. அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்விடும். இருந்தாலும் அன்றைக்கு நானும் ஷெரினும் வெளியே போய்ச் சாப்பிட்டோம். முதல் வாரம் வகுப்பில் எல்லோரும் தங்களைப் பற்றி எழுத வேண்டும். நான் நம் ஊர் வழக்கப்படி, பள்ளியிலிருந்து 'பாஸ்ட் அவுட்' ஆனேன் என்று எழுதினேன். இங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்று பொருளாம். 'இப்போது உடல்நலம் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்' என்று ஆசிரியை பதில் எழுதியிருந்தார். ஷெரின் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். பதின்ம வயதுப் பெண் அம்மாவோடு சேர்ந்து சிரிப்பதே அபூர்வம் என்பதால் நானும் சிரித்தேன்.

2

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செல்வி கூப்பிட்டாள். செல்வி என் தம்பி அந்தோணியின் மனைவி.

"அண்ணி, அவரு மரத்துல இருந்து உழுந்துட்டாருங்க. சேலம் கொண்டாந்துட்டோம். காலு அசையலீங்க."

காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பறிக்கும் காலத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி மேலே போவார்கள். அந்தோணி பள்ளியை விட்டதிலிருந்து அந்த வேலைதான் செய்தான். அந்தத் தோட்டத்தில் அவனளவுக்கு உயரம் போகிற ஆள் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஷெரினை மேரிலூ வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். ஆன்லைன் படிப்பு என்பதால் எங்கிருந்தும் படிக்கலாம் என்று நம்பிக்கொண்டேன். அதைத்தானே விளம்பரத்தில் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் என்னைப் பார்த்ததும் அந்தோணி, "அக்கா, நீ நொம்ப எளச்சுட்ட" என்றான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடந்தவன் என்னைப் பார்த்துச் சொன்னான்.

செல்வி வீட்டுக்குப் போய்க் குளித்து வரும் பகல் பொழுதுகளில் நான் அவன் பக்கத்தில் இருந்தேன். போனில் பாடம் படிப்பேன். ஒரு நாள் எட்டிப் பார்த்தான்.

"வாத்தியாரு எங்கக்கா?"

"வாத்தியாரெல்லாம் வர மாட்டாங்கடா. எழுதித்தான் போடுவாங்க."

"ஆளே இல்லாத பள்ளிக்கூடத்துக்கா அத்தன காசு? செரி, அத இங்கிலீசுலயே சத்தமாப் படி. எனக்குத் தூக்கமாச்சும் வருட்டும்."

படித்தேன். அந்த வாரப் பாடம், நோய்க்கும் காயத்துக்கும் எண் போடுவது. உலகத்தில் மனிதனுக்கு ஆகக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். ஏணியிலிருந்து விழுந்தால் ஒன்று, மரத்திலிருந்து விழுந்தால் வேறொன்று. தமிழில் சொன்னதும் தூக்கம் போய் அவன் கண் விரிந்தது.

"அப்ப எனக்கு எந்த நம்பரு?"

"நீ ஏணியிலருந்து உழுந்தியா, மரத்துலருந்து உழுந்தியா?"

யோசித்தான். "ஏணி நழுவுச்சு. நாங் கொடியப் புடிச்சேன். கொடி கையோட வந்துருச்சு. அதுக்கு நம்பர் இருக்குதா?"

இல்லை என்றேன். சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, அது நிற்கவே நேரமானது. அந்த இருமலை முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்து என்ன வரும் என்பதும் எனக்குத் தெரியும். செல்வி வந்து, "என்னங்க அண்ணி, மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன்.

நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. அந்த வாரக் கடைசியில் அந்தோணி போய்விட்டான்.

3

மலையில் கோயில் கல்லறையில் அடக்கம் செய்தோம். அதன் பின் சில நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. செம்மநத்தத்தில் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் சிக்னல் வராது. போனைச் சார்ஜ் போடக்கூட மறந்தேன். படிப்பு ஞாபகத்துக்கே வரவில்லை.

ஞாபகம் வந்தபோது பதற்றத்தோடு டவுனுக்கு ஓடி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றுகொண்டு கல்லூரிக் கணக்கைத் திறந்தேன். திறந்த சிறிது நேரத்தில் அது என் கண்ணெதிரே பூட்டிக்கொண்டது. அடுத்து மின்னஞ்சல். 'உங்கள் கணக்கு ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பயன்படுத்தப்பட்டுள்ளது. உதவித்தொகையை மோசடியாகப் பெறும் போலி மாணவர்களைத் தடுக்கும் பொருட்டு, உங்கள் அடையாளம் உறுதியாகும் வரை தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அடையாள அட்டையுடன் வீடியோவில் நேரில் தோன்றவும். தவறினால் சேர்க்கை ரத்தாகும். ஏற்கெனவே வழங்கிய தொகையை நீங்கள் திருப்பிச் செலுத்த நேரிடும்.'

இரண்டு நாடுகளா? யார்?

ஷெரினைக் கூப்பிட்டேன். அவளுக்கு அது காலை நேரம், பள்ளிப் பேருந்தில் இருந்தாள்.

"ஷெரின், அம்மா காலேஜ் கணக்கை நீ திறந்தியா?"

"மம்மி... ஐ வாஸ் ட்ரையிங் டு ஹெல்ப்."

"திறந்தியா?"

"நீ போன் எடுக்கல. மாமா... அப்புறம் நீ எடுக்கவே இல்ல. லாகின் பண்ணலேன்னா உன்னை ட்ராப் பண்ணிடுவாங்கன்னு தெரியும். நான் டெய்லி ஒன்ஸ் லாகின் பண்ணேன். ஒரே ஒரு குவிஸ் மட்டும் போட்டேன்." பிறகு அவளுக்கு வாய்த்த தமிழில், "நீ திட்டாதே மம்மி. நான் தனியா இருந்தேன்" என்றாள்.

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதே குறைந்துபோயிருந்தது. அறைக்கதவு சாத்தியிருக்கும், காதில் ஒயர் இருக்கும், கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் என் பெயரில் நுழைந்து என் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள். அதனாலேயே என் இடம் போகப்போகிறது.

"திட்டலை சாமி. ஸ்கூலுக்குப் போ" என்று வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் பட்டாணி விற்கிறவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

4

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் கிடைத்தது. அங்கே அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக என்னைப் பார்ப்பார்கள். டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் சொல்லி வைத்திருந்தேன். மாலை பஸ் வரவில்லை. வருமா என்று கேட்க ஓடினால், வழியில் பழுதாகி நிற்கிறது என்றார்கள்.

செல்வி வாசலில் உட்கார்ந்திருந்தாள். முப்பதாம் நாள் பூசைகூட முடியவில்லை. அது முடியும்வரை வெளியே போகக் கூடாது என்பது வழக்கம், அவளும் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அந்தோணியின் மொபெட் சாவியை எடுத்து வந்தாள்.

"வேண்டாம் செல்வி. ஊருல பேசுவாங்க."

"பேசுனா பேசிட்டுப் போறாங்க. உக்காருங்க அண்ணி."

காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் குறுகல் ரோடு. பாதி வழியில் செல்வி பிரேக் அடித்தாள். வளைவில் காட்டுமாடு ஒன்று ரோட்டை அடைத்து நின்றது. பின்னால் புதருக்குள் இன்னும் இருந்தன, மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஹாரன் அடித்தால் பாயும். திரும்பிப் போனால் நேரம் போய்விடும்.

"இங்கியே பேச முடியுங்களா அண்ணி?" என்று செல்வி மெதுவாகக் கேட்டாள்.

போனைப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்று வந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. எடுத்தேன்.

திரையில் ஒரு இளைஞர், ஷெரினைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். சுத்தமான வெள்ளைச் சுவர், பின்னால் ஒரு செடி. மரியாதையாகத்தான் பேசினார். "மிஸ் சவரிமுத்து, உங்கள் முகம் தெரியவில்லை. நல்ல வெளிச்சமான இடத்துக்கு வர முடியுமா?"

வெளிச்சத்துக்கு எங்கே போவேன்? செல்விக்கு இங்கிலீஷ் புரியாது. ஆனாலும் புரிந்துகொண்டாள். தன் போனில் டார்ச்சைப் போட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் அடையாள அட்டையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். படம் உறைந்தது, மறுபடி அசைந்தது, மறுபடி உறைந்தது.

"நீங்கள் ஏன் இந்தியாவில் இருக்கிறீர்கள்?"

மனதில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் போய்விட்டது. "மை பிரதர் எக்ஸ்பயர்ட்" என்றேன்.

"மன்னிக்கவும், எது எக்ஸ்பயர்ட்? உங்கள் அட்டையா?"

"இல்லை. மை பிரதர்."

"உங்கள் சகோதரரின் அட்டையா? அவர் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அது உங்களைப் பாதிக்காது."

நம் ஊரில் சாவுச் செய்தியை இங்கிலீஷில் சொல்ல அந்த ஒரு சொல்தான். அவருக்கு அது அட்டை காலாவதியாவது. ரைட்டர் சொல்வார், போஸ்ட்மேன் சொல்வார், பாதர் சொல்வார். இவ்வளவு வருடம் அங்கே இருந்தும், முதியோர் இல்லத்தில் அத்தனை சாவைப் பார்த்தும், என் சொந்தச் சாவுக்கு வாய் ஊர்ச்சொல்லைத்தான் எடுத்தது. வேறு சொல்லைத் தேடினேன். கிடைத்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்தோணி போனதிலிருந்து அதுவரை நான் யாரிடமும், எந்த மொழியிலும், அப்பட்டமாக அதைச் சொன்னதே இல்லை. 'தவறிட்டான்', 'போயிட்டான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஹி இஸ் டெட்" என்றேன்.

திரையில் அந்த இளைஞரின் முகம் உறைந்திருந்தது. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை. "ஓ" என்றார். "ஓ, ஐ ஆம் ஸோ ஸாரி, மேம்."

புதருக்குள் கிளை ஒடிந்தது. செல்வி வெளிச்சத்தை விலக்கவில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் கணக்கை வேறு யாராவது பயன்படுத்தினார்களா?"

இல்லை என்று சொல்லலாம். பாஸ்வேர்டு திருட்டுப் போயிருக்கும் என்று சொல்லலாம். டவுனில் விவரம் தெரிந்த ஒருவர் அப்படித்தான் சொல்லச் சொன்னார். ஆனால் திருட்டு என்றால் தேடுவார்கள், அது மேரிலூ வீட்டு முகவரியில் போய் நிற்கும். அங்கே ஷெரின் இருக்கிறாள்.

"என் மகள். அவளை நான் செய்யச் சொல்லவில்லை. நான் படிப்பை இழந்துவிடுவேன் என்று பயந்து செய்தாள். தண்டனை எனக்குக் கொடுங்கள்."

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் மலையில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. "இதை நான் பதிவு செய்துதான் ஆக வேண்டும்" என்றார். அழைப்பு அறுந்தது. முடித்து வைத்தாரா, சிக்னல் போனதா என்று தெரியவில்லை.

"என்னங்க அண்ணி சொன்னான்?"

"தெரியல செல்வி."

ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். தோள் விட்டுப்போன கையோடு ஒஹாயோவுக்குத் திரும்ப வேண்டும். வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்ட, மறுபடியும் ஆளைத் தூக்க வேண்டும். செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தைரியம் சொல்லவில்லை. அவளிடம் எங்கே இருக்கும்? காட்டுமாடுகள் ஒவ்வொன்றாக ரோட்டைக் கடந்து இறங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

5

ஒஹாயோவுக்குத் திரும்பிய பிறகுதான் முடிவு வந்தது. ஆளை ஏற்றுக்கொண்டார்கள். நான் நான்தான். உதவித்தொகையை விடுவித்தார்கள். ஷெரின் எழுதிய தேர்வுக்குப் பூஜ்யம், எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. நான் வகுப்பில் இல்லாத நாட்களால் ஒரு பாடம் ரத்து, அதற்குரிய தொகையை மட்டும் நான் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறேன். இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால்தான் கை மடங்குகிறது.

அந்த மின்னஞ்சலைப் படித்த அன்று சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஷெரினிடம் காட்டினேன். படித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, சமையலறையில் நின்றுகொண்டிருந்த என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் திரும்பவில்லை.

செல்வியின் செய்தி அதைவிட மோசமானது. லைன் வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். அந்தோணி இல்லாத வீட்டில் அவள் இருக்க வேண்டுமென்றால் அவள் வேலைக்குப் போக வேண்டும். "வேலைக்குப் போனாத்தானுங்க அண்ணி ஊடு" என்றாள். எந்தத் தோட்டத்தில் அவன் விழுந்தானோ அங்கேயே களை எடுக்கவும் காப்பி பறிக்கவும் போகிறாள். நான் படித்து முடித்து நல்ல வேலைக்குப் போனதும் அவளை வேறு எங்காவது குடிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். முடிக்க இன்னும் வெகுநாள் இருக்கிறது.

6

பிரின்சி கூப்பிட்டதற்கு மறுநாள் செல்வியைக் கூப்பிட்டேன். அவள் வேலைக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் நேரம் எங்களுக்கு மாலை. நான் மேசையில் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். டவுனுக்குப் போகும் ரோட்டில், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று செல்வி பேசினாள். இந்த வருடமும் மிளகு பறிக்க ஆள் ஏறத் தொடங்கிவிட்டார்கள் என்றாள்.

ஷெரின் அறையிலிருந்து வந்தாள். பரீட்சை சமயம், தண்ணீர் குடிக்க வந்தவள். நின்றாள். பிறகு போன் பக்கத்தில் குனிந்து, "அத்தை" என்றாள்.

"ஆரு, பாப்பாவா? சொல்லு கண்ணு."

ஷெரினுக்குச் சொற்களைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "மாமா மரத்துல ஏறும்போது... பயமா இருக்காதா அவருக்கு?"

நான் அவளைத் தடுக்கக் கையைத் தூக்கினேன். செல்வியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தோணிக்குப் பயமே கிடையாது என்றுதான் ஊரே சொல்லும். நானும் இத்தனை வருடம் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

அந்தப் பக்கம் ஒரு லாரி ஏறிப் போகும் சத்தம் கேட்டது.

"பயமில்லாம என்ன கண்ணு" என்றாள் செல்வி. "காத்தால எந்திரிச்சதுமே கையி வேர்த்துரும். துண்டுல தொடச்சுத் தொடச்சுத்தான் காப்பித்தண்ணி குடிப்பாரு. ஒரு நாளுமே சோறு எறங்காது. ஆருகிட்டயும் சொல்லாத செல்விம்பாரு. தெனமும் பயந்துட்டேதான் கண்ணு ஏறுவாரு."

ஷெரின் பாதிதான் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"மம்மி, தெனமும்னா எவரி டே தானே?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"ஹி வாஸ் ஸ்கேர்ட்? எவரி டே?"

"தினமும்" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்வி சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவளுக்கு நினைவுபடுத்த எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.